மிதிக்கிற கல்லும் இழுக்கிற கொழுக்கியும்

போன மாதம் ஒரு சனிக்கிழமை காலை, எங்கள் வீட்டுக் குளியலறைத் தராசில் ஏறி நின்றேன் — ஏழடித் தூண் ஒன்றைக் கட்டிப்பிடித்தபடி. தூணின் தலை கூரையில் முட்டியது. கீழே குனிந்திருந்த என் வீட்டுக்காரர் இலக்கத்தை உரத்து வாசித்தார்.

"எண்பத்தொண்டு. இதிலை நீர் எழுபத்திரண்டு. அப்ப தூண் ஒன்பது."

பக்கத்து வீட்டுக்குக் கேட்கும்படியாகவா வாசிக்க வேண்டும்? அங்கே இருப்பதும் தமிழ்க் குடும்பம்தான். மெதுவாக வாசியுங்கோ என்றேன். மெதுவாக வாசித்தால் பாரம் குறையுமோ என்று கேட்டார். அடுத்த தூணை எடுத்துக்கொண்டு மறுபடி ஏறினேன். இன்னும் ஏழு தூண்கள் இருந்தன.

ஏன் இந்தக் கூத்து என்கிறீர்களா? எல்லாம் ஒரு கொழுக்கிக்காக.

கார்களின் பின்னால், பம்பருக்குக் கீழே, ஒரு இரும்புக் குண்டு வெளியே தள்ளிக்கொண்டு நிற்குமே... பார்த்திருப்பீர்கள். ட்ரெய்லரைக் கொழுவி இழுப்பதற்கு. நோர்வேக்காரர் அதை 'ஹெங்கர்ஃபெஸ்தே' என்பார்கள். நம்மவர்களுக்குக் கொழுக்கி. இத்தனை வருஷம் இந்த நாட்டில் இருக்கிறேன். கார் தரிப்பிடங்களில் அது என் முழங்காலில் இடித்த நேரங்களைத் தவிர அதைப் பற்றி நான் ஒரு நிமிடம் யோசித்ததில்லை.

இந்தப் பத்தியைத் தொடர்ந்து வாசிப்பவர்களுக்குத் தெரியும் — வாரநாட்களில் நான் பார்ணஹாகவில், அதுதான் பாலர் பாடசாலையில், பிள்ளைகளுக்குச் சப்பாத்து மாட்டிவிடுபவள். சனி ஞாயிறுகளில் மணவறைக்காரி. யுத்தநிறுத்தம் வந்த புதிதில் ஊருக்குப் போனபோது, கொழும்பில் ஒரு மணவறை செய்வித்துக் கப்பலில் எடுப்பித்தோம். எட்டுத் தூண்கள், மேலே கோபுரம் மாதிரி ஒரு முடி, நடுவில் மணமக்களுக்கு ஆசனம், நிலத்துக்குப் பலகைகள், ஏறிப்போகப் படிகள், கல்யாணப் பெண் மிதிக்க ஒரு அம்மி, ஒரு சின்னப் பிள்ளையார். ஒஸ்லோவில் கல்யாணம், பெண்பிள்ளை பெரியவளான சாமத்தியவீடு என்றால் வாடகைக்குக் கொடுப்போம். யாரிடமாவது வான் இரவல் வாங்கி மண்டபத்துக்கு இரண்டு தரம் ஓடினால் வேலை முடிந்துவிடும்.

ஜனவரியில் ஒருநாள் துரொண்ட்ஹெய்மிலிருந்து வசந்தி என்றொருவர் தொலைபேசியில் வந்தார். முன்பின் தெரியாதவர்.

"அக்கா, ஓகஸ்டிலை மகளுக்குக் கலியாணம். உங்கடை மணவறை இஞ்சை வருமோ?"

ஐந்நூறு கிலோமீட்டர். இடையில் டொவ்ர மலை. வராது என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் அவர் தொடர்ந்தார்.

"வேறை ரெண்டு இடத்திலை கேட்டனான். ஏலாதெண்டிட்டினம். பின்னுக்கு ஒரு சீலையைக் கட்டிச் செய்யலாமெண்டு சனம் சொல்லுது. எனக்கு மனம் கேக்கேல்லை அக்கா. என்ரை கலியாணத்தண்டு ஊரடங்கு. ஐயரும் வரேல்லை, மேளமும் வரேல்லை. அறைக்குள்ளை வைச்சுத்தான் தாலி கட்டினது. பிறகு இஞ்சை வந்து ஆறு வருசத்திலை அவரும் காலமாயிட்டார். எனக்கு இருக்கிறது ஒரு பிள்ளை. அவளையாவது மணவறையிலை இருத்திப் பாக்கோணும்."

முதியோர் இல்லத்தில் வேலை செய்து, ஒற்றை ஆளாக மகளைப் படிப்பித்து ஆளாக்கியவர். இதைச் சொல்லும்போது அவர் குரல் இடறவில்லை. "வரும்" என்றேன். எப்படி வரும் என்று எனக்குத் தெரியாது. ஆனால் சொல்லிவிட்டேன். சொன்னதைத் திருப்பி எடுக்கும் பழக்கம் என்னிடம் இல்லை. என் வீட்டுக்காரர் இதற்குப் பிடிவாதம் என்று பெயர் வைத்திருக்கிறார்.

இனி வாகனம். இவர் திராமனில் ஒரு பழைய பிக்கப் பார்த்து வந்தார். முன்னால் இரண்டு வரிசை ஆசனம், பின்னால் திறந்த பெட்டி. பெட்டி கட்டை — ஐந்தடிதான். நீளப் பெட்டி வைத்த பிக்கப் ஒன்றும் அங்கே நின்றதாம். ஆனால் மோர்டென்ஸ்ருட்டில் எங்கள் வரிசைவீட்டுக் கராஜுக்குள் அது நுழையாது என்று நாடா பிடித்து அளந்து, கட்டையானதை வாங்கி வந்தார். கராஜை அளந்த மனிதர் தூணை அளக்கவில்லை.

ஐந்தடிக்குள் ஏழடி எப்படிப் போகும்?

"பின்கதவைத் திறந்துவிட்டுச் சிவப்புத் துணி கட்டுவம்" என்றார்.

மலையில், மழையில், பொன்பூச்சுப் பூசிய தூண்கள் இரண்டடி வெளியே நீட்டிக்கொண்டு போவதா? முடியாது என்றேன். தேடிப்பிடித்துக் கூரையுள்ள ட்ரெய்லர் ஒன்று வாங்கினோம். நல்லது, பிரேக்கும் உள்ளது. கொண்டுவந்து வீட்டு வாசலில் விட்ட பிறகுதான் தெரிந்தது, பிக்கப்பில் கொழுக்கி இல்லை. வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார் என்றவர்கள் மூன்றாவதாக இதையும் சேர்த்திருக்கலாம்.

இங்கேதான் ஆலோசனைகள் ஆரம்பமாயின.

நம் சனத்தில் ஒன்றைக் கவனித்திருக்கிறீர்களா? வருத்தம் என்றால் டாக்டரிடம் போ என்பார்கள். வழக்கு என்றால் வக்கீலிடம் போ என்பார்கள். வாகனத்துக்கு ஒன்று என்றால் மட்டும் ஒருவரும் கராஜுக்குப் போ என்று சொல்ல மாட்டார்கள். எல்லோருக்கும் 'ஒரு ஆளை'த் தெரிந்திருக்கும். எங்களுக்குத் தெரிந்த ஆள் குகன் அண்ணை. டிஷ் அன்டெனா பூட்டுவார், குளியலறைக்கு ஓடு பதிப்பார், வெல்டிங்கும் செய்வார். ஒரு பிறந்தநாள் விழாவில், கையில் கடித்த றோல்ஸுடன் வெளியே வந்து, பிக்கப்பின் பின்பக்கத்தைக் குனிந்து பார்த்தார்.

"தங்கச்சி, பம்பரிலை ஏற்கெனவே ஓட்டை கிடக்கு. ஒரு குண்டை வாங்கி, கீழை நட் போட்டு இறுக்கினால் முடிஞ்சுது. ஊரிலை உழவு மெசினிலை பெட்டி கொழுவி எவ்வளவு நெல்லு இழுத்தனாங்கள்?"

"எவ்வளவு பாரம் தாங்கும், அண்ணை?"

"தாங்கும்."

"எத்தனை கிலோ?"

"அது தாங்கும், தங்கச்சி."

சுற்றி நின்ற ஆண்கள் எல்லோரும் பம்பரைப் பார்த்துத் தலையாட்டினார்கள். என் வீட்டுக்காரரும் ஆட்டினார். ஒருவராவது குனிந்து அதைத் தொட்டுப் பார்க்க வேண்டுமே... இல்லை. 'தாங்கும்' என்ற ஒரு சொல்லை நம்பித்தான் நாம் எத்தனையோ காரியங்களைக் கொழுவி விடுகிறோம் என்று நினைத்துக்கொண்டேன். குகன் அண்ணை கெட்டவரில்லை. ஆனால் வசந்தியிடம் சொல் கொடுத்தது அவரில்லை, நான்.

அடுத்த கிழமை வேலை முடிந்து நேரே அல்னாப்ரு பக்கம் போனேன். கொழுக்கி பூட்டுவதையே தொழிலாக வைத்திருக்கும் சின்னக் கராஜ் ஒன்று அங்கே இருந்தது. சொந்தக்காரர் பெயர் ஆர்னே. அறுபது வயதிருக்கும். கதை குறைவு. பம்பர் யோசனையை அவரிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. பம்பரை ஒரு கையால் பிடித்து அசைத்துக் காட்டினார். அசைந்தது. வாகனத்தின் அடியில் நீளமாக ஓடுகிற இரும்புச் சட்டத்தில்தான் கொழுக்கியைப் பூட்ட வேண்டும், அனுமதி பெற்றது என்பதற்கு அதில் தகடு இருக்க வேண்டும், இல்லாவிட்டால் வாகனப் பரிசோதனையில் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்றார். பிறகு ஒரு கேள்வி கேட்டார்.

"என்ன இழுக்கப் போகிறீர்கள்?"

எத்தனை பேரிடம் கதைத்திருப்பேன். இதை ஒருவரும் கேட்கவில்லை.

மணவறைக்கு நோர்வேஜிய மொழியில் என்ன சொல்வது? கைப்பையிலிருந்த அல்பத்தை எடுத்துப் படம் காட்டினேன்.

"கோயிலா?" என்றார்.

"இல்லை, வீடு மாதிரி. இரண்டு பேர் இரண்டு மணித்தியாலம் இருப்பதற்கு."

ஆர்னே கனநேரம் படத்தைப் பார்த்தார். தன்னுடைய கல்யாணம் இருபது நிமிடத்தில் முடிந்துவிட்டது என்றார். அப்புறம், "எத்தனை கிலோ?"

எனக்குத் தெரியாது. குகன் அண்ணையைக் குறுக்கு விசாரணை செய்தவள், என் சொந்த மணவறையின் நிறை தெரியாமல் திருதிருவென்று விழித்தேன். நல்ல வெட்கம். வாயில் முதலில் வந்த சொல் என்ன தெரியுமா? 'தாங்கும்'. விழுங்கிவிட்டேன்.

அப்படித்தான் குளியலறைத் தராசு வந்தது.

அன்று காலை முழுக்க நிறுத்துப் பார்த்ததில் ஒன்று விளங்கியது. தூண்களும் முடியும் பார்வைக்குத்தான் பெரிது. உள்ளே ரெஜிஃபோம், பாரமில்லாத வெள்ளை நுரைப்பலகை. பாரமெல்லாம் காலடியில் கிடப்பவற்றில் இருந்தது — நிலப்பலகைகள், படிகள், அம்மி. பொம்பிளை கால் வைக்கிற அந்த அம்மி ஒன்றே நாற்பத்தாறு கிலோ. எல்லாமாக நானூற்றி இருபது. ட்ரெய்லரையும் சேர்த்தால் எழுநூறுக்குக் கொஞ்சம் குறைவு. சாதாரண லைசன்ஸே போதும். கணக்கை ஒரு கடதாசியில் எழுதிக்கொண்டு, இவரையும் கூட்டிக்கொண்டு, ஆர்னேயிடம் போனேன்.

அங்கேதான் உண்மையான சண்டை.

கொழுக்கியில் இரண்டு வகை. ஒன்று நிரந்தரமாகப் பூட்டியது. மற்றது கழற்றுவது — தேவையானபோது கொழுவித் திறப்பால் பூட்டலாம், தேவையில்லாதபோது கழற்றி ஆசனத்துக்கு அடியில் வைக்கலாம். இவருக்குக் கழற்றுவதுதான் வேண்டும். ஏன்? கராஜ்! கட்டைப் பிக்கப்பே மூக்கு முட்ட நிற்கிறது; கதவுக்கும் அதற்கும் இடையில் ஒரு சாண். நிரந்தரமாகக் குண்டு வைத்தால் கதவு மூடாது.

"கழற்றுவதைச் சரியாகப் பூட்டாவிட்டால்?" என்று ஆர்னேயிடம் கேட்டேன்.

"சிவப்புப் புள்ளி தெரியும். பச்சை தெரியும்வரை ஓட்டக்கூடாது. குளிர்காலத்தில் தெருவில் கொட்டும் உப்பு படும், கழுவி கிரீஸ் பூச வேண்டும். திறப்பைத் தொலைக்கக்கூடாது."

நான் இவரைப் பார்த்தேன். இவர் யார்? கோப்பிக் கோப்பையைக் காரின் கூரையில் வைத்துவிட்டு, அதை மறந்து, வேலைக்கு ஓடிப்போனவர். வீட்டுத் திறப்பை மூன்று தரம் மாற்ற வைத்தவர்.

"நிரந்தரமானது" என்றேன்.

"அப்ப வாகனத்தை வெளியிலையே விடுறது? பனிக்காலத்திலை ஆர் வழிக்கிறது?"

"நான் வழிக்கிறன்."

"ஒவ்வொரு நாளுமோ?"

"ஒவ்வொரு நாளும்."

கடையில் சாமான் தேர்வு செய்கிறோம் என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். உண்மையில் அங்கே எடை போடப்படுவது வீட்டில் இருப்பவர்களின் குணம். எது நல்ல கொழுக்கி என்பது புத்தகத்தில் இருக்கும். மறதிக்காரர் ஒருவர் வீட்டில் இருந்தால் எது நல்ல கொழுக்கி என்பதைப் பெண்சாதிதான் சொல்ல வேண்டும்.

மீதியை ஆர்னே பார்த்துக்கொண்டார். பிக்கப் உயரமானது; குண்டும் உயரத்தில் நின்றால் ட்ரெய்லர் மூக்கைத் தூக்கிக்கொண்டு வரும், பாரம் பின்னால் சரியும். அதனால் மேலும் கீழும் மாற்றிப் பூட்டக்கூடிய தகடு போட்டார். பெட்டி கட்டை என்பதால், பின்கதவைக் கீழே இறக்கினால் ட்ரெய்லரின் முன்சில்லுக் கைப்பிடியில் அடிக்கும். அதற்குக் கழுத்துக் கொஞ்சம் நீளமான குண்டு. பூட்டி முடித்து என்னையே கீழே படுத்துப் பார்க்கச் சொன்னார். வேலைக்குப் போட்டுப் போன நல்ல ஜாக்கெட்டுடன் படுத்துப் பார்த்தேன். எட்டு போல்ட். ஒவ்வொன்றையும் தொட்டேன்.

போகும்போது ஒரு பாடமும் சொன்னார். ட்ரெய்லரின் மூக்கு, குண்டின் மேல் கொஞ்சம் அழுத்த வேண்டும். ஐம்பது, அறுபது கிலோ. அதிகம் அழுத்தினால் வாகனத்தின் முன்சில்லுகள் பிடி விடும். அழுத்தாமல் விட்டாலோ, ட்ரெய்லர் வாலை ஆட்டத் தொடங்கும். அப்படி ஆடினால் பிரேக்கை மிதிக்காமல், காலை மட்டும் எடு என்றார்.

"அந்த அழுத்தத்தை எப்படி அளப்பது?"

"வீட்டில் குளியலறைத் தராசு இருக்கிறதா?"

இவர் இருமுவது போலப் பாவனை செய்தார்.

புறப்படுவதற்கு ஒரு கிழமை முன்பு ஒத்திகை பார்த்தோம். எல்லாவற்றையும் ஏற்றினோம் — தட்டையான பலகைகள் முதலில் போனதால் அவை முன்பக்கம், அம்மியும் அங்கேயே. மூக்குக்குக் கீழே தராசை வைத்தோம். ஐம்பத்தெட்டு. இலக்கத்தைப் பார்த்து எனக்கு வந்த பெருமை இருக்கிறதே... குகன் அண்ணைக்குத் தொலைபேசி எடுத்தே சொன்னேன்.

வெள்ளிக்கிழமை காலை. கல்யாணம் மறுநாள். பத்தரைக்கு ராகுகாலம் தொடங்குகிறது. அதற்கு முன் வெளிக்கிட வேண்டும். ஒத்திகையில் இல்லாத ஒருவர் இப்போது வந்து சேர்ந்தார். பிள்ளையார். அதுவரை அவர் எங்கள் சாமியறையில் இருந்தார். அவரைத் துணியில் சுற்றி, முதல் ஆளாக ட்ரெய்லருக்குள், முன்பக்கம் வைத்தோம். கற்பூரம் காட்டினோம். பிறகு பலகைகளைத் தூக்கி வந்த இவரைப் பார்த்து நான்தான் சொன்னேன்.

"மிதிக்கிற சாமான் ஒண்டும் பிள்ளையாருக்குப் பக்கத்திலை வேண்டாம். பின்னுக்கு வையுங்கோ."

பலகை, படி, அம்மி... காலால் மிதிப்பதெல்லாம் கடைசிக்குப் போயின. தூண், முடி, ஆசனம் என்று மரியாதையான சாமான்கள் முன்னால். சில்லுகளுக்குத் தேசிக்காய் வைத்து, ஏறி நசித்து, பத்து இருபதுக்குப் புறப்பட்டோம். தராசு குளியலறையிலேயே இருந்தது.

நான்தான் ஓட்டினேன். லில்லெஹமர் தாண்டும்போதே பின்னால் ஏதோ மெல்ல இழுப்பது போலிருந்தது. காற்று என்றார் இவர். டொவ்ர மலைமேல் ஏறும்வரை மெதுவாகப் போனதால் பெரிதாகத் தெரியவில்லை. மறுபக்கம், ஒப்டால் நோக்கி இறக்கம் தொடங்கியது. எண்பதில் போய்க்கொண்டிருந்தேன். கண்ணாடியில் ட்ரெய்லர் வலப்பக்கம் எட்டிப் பார்த்தது. பிறகு இடப்பக்கம். பிறகு இன்னும் அகலமாக வலப்பக்கம். ஸ்டியரிங் என் கையிலிருந்து திமிறியது. எதிரே பெரிய லொறி ஒன்று வந்துகொண்டிருந்தது.

பயந்துவிட்டேன். இதில் மறைக்க என்ன இருக்கிறது? பிரேக்கில் போகவிருந்த காலை நிறுத்தி, எல்லாக் கால்விரலையும் சப்பாத்துக்குள் மடக்கிக்கொண்டு, ஸ்டியரிங்கை நேராகப் பிடித்தேன். லொறி கடந்து போனது. வேகம் விழுந்தது. எழுபது, அறுபது, ஐம்பது... ஆட்டம் அடங்கியது. அடுத்த ஒதுக்கிடத்தில் நிறுத்தினேன். எனக்கு ஏதாவது ஆகியிருந்தால் என்பதைவிட, வசந்தியிடம் என்ன சொல்லியிருப்பேன் என்பதுதான் மனதில் ஓடியது. அவரை அதுவரை நான் நேரில் கண்டதுகூட இல்லை.

"நான் அப்பவே சொன்னனான், கழட்டுற கொழுக்கி எடுப்பமெண்டு" என்றார் இவர்.

கீழே படுத்து எட்டு போல்ட்டையும் பார்த்தேன். ஒன்றும் அசையவில்லை. எழும்பி, ட்ரெய்லரின் முன்சில்லை இறக்கி, கொழுவலைத் திறந்தேன். திறந்ததுதான் தாமதம் — மூக்கு தானாகவே மேலே எழும்பியது. வால் கீழே பதிந்தது.

பாரமெல்லாம் வாலில். யார் வைத்தது? எட்டு போல்ட்டையும் தொட்டுத் தொட்டுப் பார்த்த இந்த மகாராணிதான். ஊருக்குத்தான் உபதேசம் என்பார்களே, அது இது.

"பலகையும் அம்மியும் முன்னுக்கு வரோணும்" என்றேன்.

"பிள்ளையாருக்குப் பக்கத்திலையோ? காலாலை மிதிக்கிறதை?"

"ஓம்."

"உமக்கு விசரே? நாளைக்குக் கலியாணம்."

"கலியாணம் நடக்கோணுமெண்டுதான் சொல்லுறன்."

"சாமி குற்றம் வந்தால்?"

"எனக்கு வரட்டும்."

இவர் பிக்கப்பைச் சுற்றி ஒரு நடை நடந்தார். கோபித்துக்கொண்டு போகிறார் என்று நினைத்தேன். திரும்பி வந்து, ட்ரெய்லருக்குள் ஏறி, பிள்ளையாரைத் துணியோடு தூக்கினார். பிக்கப்பின் பின்னாசனத்தில் இருத்தினார். பெல்ட்டை இழுத்துப் பூட்டினார்.

"இவர் எங்களோடை வரட்டும்" என்றார். "அப்ப ட்ரெய்லரிலை எது எங்கை இருந்தாலும் எல்லாம் அவருக்குப் பின்னாலைதானே?"

பதினெட்டு வருஷத்தில் முதல் தடவையாக, இந்த மனிதரைக் கட்டியது சரியான தீர்மானம்தான் என்று பட்டது. அவரிடம் சொல்லவில்லை. இங்கே வாசித்துத் தெரிந்துகொள்ளட்டும்.

முழுவதையும் இறக்கி ஏற்ற ஒரு மணித்தியாலத்துக்கு மேல் பிடித்தது. பலகைகள் முன்னால், அம்மி அவற்றுக்கு நடுவில். கடைசியில் மூக்கைத் தூக்கிப் பார்த்தார். இரண்டு கையும் போட்டு முக்கினால்தான் எழும்பியது. அங்கிருந்து துரொண்ட்ஹெய்ம் வரை ட்ரெய்லர் இருப்பதே தெரியவில்லை. நல்ல வெயில் இருக்கும்போதே மண்டப வாசலில் போய் நின்றோம். சின்ன உருவம், கம்பளிச் சட்டை, கையில் தேநீர்ப் போத்தல். வசந்தி. கதவைத் திறந்ததும் தூண் ஒன்றை விரலால் தொட்டுப் பார்த்தார்.

"வந்திட்டுது" என்றார்.

மறுநாள் கல்யாணம். மகள் துஷி மணவறையில் இருந்தாள். வடிவாக இருந்தாள். கனடாவிலிருந்து வந்த தாய்மாமனும் மாமியும் பெற்றோர் இடத்தில் நின்று தாரை வார்த்துக் கொடுத்தார்கள். எல்லாம் சரி, வசந்தி எங்கே? முன்வரிசையில் இல்லை. இரண்டாவது வரிசையிலும் இல்லை. மண்டபத்தின் கடைசியில், குசினிக் கதவருகே, விருந்தினர்களின் கோட்டுகளை இரண்டு கையிலும் அள்ளிக்கொண்டு நின்றார்.

"இஞ்சை நிண்டால் எல்லாம் வடிவாத் தெரியுது அக்கா" என்றார்.

தெரியாது. அங்கிருந்து பார்த்தால் முன்னால் நிற்பவர்களின் முதுகுதான் தெரியும். புருஷனை இழந்தவள் நல்ல காரியத்தில் முன்னுக்கு வரக்கூடாது — அதுதான் விஷயம். யாரும் அவரைப் பின்னால் போ என்று சொல்லியிருக்க மாட்டார்கள். சொல்லத் தேவையில்லை. எல்லோருக்கும் அந்த அடுக்கு மனப்பாடம். எனக்கு ஆத்திரம் வந்தது. அந்தப் பிள்ளையைத் தனியே சுமந்தவர் யார்? ஐந்நூறு கிலோமீட்டர் தாண்டி இந்த மணவறையை வரவழைத்தவர் யார்? அந்த ஆத்திரத்தில் பாதி என்மீதும் வந்தது. பிசகென்று தெரியாமல், முதல் நாள் காலை, அதே அடுக்கில்தான் நானும் அடுக்கினேன்.

"முன்னுக்கு வாங்கோ வசந்தி."

"வேண்டாம் அக்கா. சனம் கதைக்கும். பிள்ளைக்குக் கூடாதெண்டுவினம்."

கையைப் பிடித்து இழுக்க எனக்கு மனம் வரவில்லை. அது அவருடைய வீட்டுக் கல்யாணம். அதனால் வழியில் நடந்ததைச் சொன்னேன். அதுவரை அவருக்குத் தெரியாது.

"நேற்று பாரமானதையெல்லாம் கடைசியிலை வைச்சனான், மரியாதை எண்டு நினைச்சு. இறக்கத்திலை ட்ரெய்லர் ஆடி, மணவறையும் நாங்களும் போயிருப்பம். அம்மியைத் தூக்கி முன்னுக்கு வைச்சாப் பிறகுதான் நேரை வந்தது."

கோட்டுகளுக்கு மேலாக என்னைப் பார்த்துக்கொண்டே கேட்டார். நான் திரும்பி என் இடத்துக்குப் போய்விட்டேன். சொல்ல வேண்டியதைச் சொல்லியாயிற்று. அதற்கு மேல் என்ன செய்வது?

அம்மி மிதிக்கிற நேரம் வந்தது. மாப்பிள்ளை குனிந்து துஷியின் காலைப் பிடித்துக் கல்லின் மேல் வைத்தான். அவள் தலையை நிமிர்த்தி மண்டபத்தைப் பார்த்தாள். யாரைத் தேடுகிறாள் என்று எனக்குத் தெரிந்தது.

பின்னால் ஏதோ சத்தம். திரும்பினேன். வசந்தி கோட்டுகளை ஒரு மேசையில் போட்டுவிட்டு, நாற்காலி ஒன்றைத் தானே தூக்கிக்கொண்டு, நடுவழியால் வந்துகொண்டிருந்தார். ஒருவரையும் பார்க்கவில்லை. முன்வரிசைக்கும் முன்னால், மணவறைக்கு நேரே, அதைப் போட்டு உட்கார்ந்தார்.

சனம் கதைத்ததுதான். கதைக்கட்டும்.